வேகத்தை விளையாடிக் கற்கட்டும்

சந்திரயான் தரையிறங்கு கலங்களைச் சோதிக்க இஸ்ரோ உருவாக்கிய செயற்கை நிலவு மண்ணுக்குப் பாறை தந்தது நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி வட்டாரம். அந்த மண்ணின் பிள்ளைகளுக்கு நியூட்டனின் முதல் விதி மனப்பாட வரியாக நின்றுவிடக் கூடாது. 1973-இல் அமெரிக்காவில் வெளியான ‘டிரைபிளானட்டரி’ என்ற விண்கலப் போர்ப் பலகை விளையாட்டு அதற்கு நல்ல வழி. கலம் சென்ற முறை நகர்ந்த தூரமே, அதே திசையில், இம்முறையும் நகரும். ஓர் அலகு எரிபொருள் சேருமிடத்தை ஒரு கட்டம் மட்டுமே மாற்றும். ஐந்து கட்ட வேகத்தில் பாய்ந்த கலம் நிற்க ஐந்து அலகு எரிபொருள் வேண்டும். போர் எதற்கு என்று கேட்டால், சுடுவதை நீக்கிப் பந்தயமாக ஆடலாம், விதி மாறாது. நேரமும் காசும் வீண் என்பார்கள். வரைபடத்தாளும் பென்சிலும் போதும், திசையன் கூட்டல் கைப்பழக்கமாகிவிடும். 2019-இல் சந்திரயானின் விக்ரம் தரையிறங்கு கலம் நிலவில் விழுந்ததும், 2023-இல் அதே பெயர் கொண்ட அடுத்த கலம் பத்திரமாக இறங்கியதும் வேகத்தைக் குறைக்கும் கட்டத்தில்தான் தீர்மானமாயின. சேலம், நாமக்கல் இயற்பியல் ஆசிரியர்கள் இந்த விளையாட்டை வகுப்பறைக்குள் கொண்டுவர வேண்டும்.