பிள்ளை வாசிக்கிறது, விளங்குகிறதா?

இடம்பெயர்ந்த குடும்பம் கையோடு கொண்டுபோகக் கூடியவை மிகச் சில. காணியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. கிணறும் பனையும் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். பிள்ளையின் படிப்பு ஒன்றுதான் எங்கே போனாலும் கூட வரும் என்று எமது மக்கள் நம்பினார்கள். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பியவர்களும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தவர்களும், 2006 இல் சம்பூரை விட்டு ஓடியவர்களும், தங்கிய இடத்திலெல்லாம் மரநிழலிலாவது பிள்ளைகளை இருத்திப் படிப்பித்தது இந்த நம்பிக்கையினாலேயே. சம்பூர் மக்கள் 2015 தொடக்கம் ஊர் திரும்பத் தொடங்கினர். வலிகாமம் வடக்கில் ஒரு பகுதியினர் இன்னமும் தம் காணியில் கால் வைக்கவில்லை. அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இப்போது தரம் 9, 10, 11 வகுப்புகளில் இருக்கிறார்கள்.

இப்பிள்ளைகளின் படிப்பில் பலவீனமான ஓர் இடம் உண்டு. அது ஆங்கில வாசிப்பு. தரம் 3 தொடக்கம் ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படித்துவந்த பிள்ளை, தரம் 10 இல் எட்டாவது ஆண்டாக அதைப் படிக்கின்றது. பாடப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் உரத்து வாசிக்கும். கேட்டுக்கொண்டிருக்கும் தாய் தகப்பனுக்கு மனம் நிறையும். ஆனால் “என்ன வாசித்தாய்?” என்று கேட்டால் பிள்ளை மௌனமாகி விடுகிறது. வாசிப்பது ஒன்று, விளங்குவது இன்னொன்று. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறைப்பதில் ஆங்கிலம் ஓர் எழுத்தும் தெரியாத பெற்றோருக்கும் பெரும் பங்கு உண்டு என்பதே எமது கருத்து.

முதலில், இது ஏன் முக்கியம் என்பதைப் பார்ப்போம். 1987 இல் நிறைவேறிய அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. அதே திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. நடைமுறையில் எமது கைக்கு வந்து சேரும் கடிதங்களும் படிவங்களும் எல்லா நேரமும் தமிழில் வருவதில்லை. அவற்றை வீட்டில் வாசித்துச் சொல்லும் பொறுப்பு பல குடும்பங்களில் பதினைந்து வயதுப் பிள்ளையின் தலையில் விழுகின்றது. அந்தப் பிள்ளை அரைகுறையாக விளங்கிக்கொண்டால் முழுக் குடும்பமும் அரைகுறையாகவே முடிவு எடுக்கும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றது. எமது வயல்களுக்கும் தோட்டங்களுக்கும் நடுவே அமைந்த பீடம் அது. அங்கே படிப்பு நடப்பது ஆங்கிலத்தில். கமக்காரனின் பிள்ளை, தன் தகப்பன் பரம்பரையாகச் செய்துவந்த தொழிலைப் பற்றிப் பட்டப்படிப்புப் படிப்பதற்கும் ஆங்கிலத்தில் வாசித்து விளங்கத்தான் வேண்டும். ஆகவே இது நாகரிகத்துக்காகவோ, வெளிநாடு போவதற்காகவோ மட்டும் பேசப்படும் விடயம் அல்ல.

இனி, பிழை எங்கே நடக்கின்றது என்பதைப் பார்ப்போம். கீழே உள்ள வரியை வாசியுங்கள்.

கமுலன் தன் பிறுத்தியைச் சொவத்தினான்.

இப்போது ஒரு கேள்வி: கமுலன் எதைச் சொவத்தினான்? நீங்கள் உடனே “பிறுத்தியை” என்று சொல்லியிருப்பீர்கள். விடை சரி. ஆனால் பிறுத்தி என்றால் என்ன? சொவத்துவது எப்படி? அப்படிச் சொற்களே தமிழில் இல்லை. ஒன்றும் விளங்காமலேயே முழுப் புள்ளி எடுத்துவிட்டீர்கள். எமது பிள்ளைகள் ஆங்கிலப் பந்திகளுக்கு விடை எழுதுவது பெரும்பாலும் இப்படித்தான். கேள்வியில் உள்ள சொல்லைப் பந்தியில் தேடுகிறார்கள். அந்தச் சொல் வரும் வரியை அப்படியே பார்த்து எழுதுகிறார்கள். கேள்வி இலகுவாக இருக்கும்வரை இந்த வித்தை பலிக்கும். “ஏன்?” என்று கேட்டால், அல்லது பந்தியில் இல்லாத வேறு சொல்லால் கேட்டால், கை நின்றுவிடும். இதைத்தான் வழிகாட்டிப் புத்தகங்களும் மாதிரி விடைகளைப் பாடமாக்கும் ரியூசன் வகுப்புகளும் மேலும் வளர்த்துவிடுகின்றன.

மற்றொரு தடை இரு மொழிகளின் அமைப்பில் இருக்கின்றது. ஓர் உதாரணம் பாருங்கள்: “த ஃபாமர் டிட் நொட் செல் த கோட் அன்ரில் த ரெயின் கேம்.” மழை வரும்வரை கமக்காரன் ஆட்டை விற்கவில்லை என்பது இதன் பொருள். பிள்ளைக்குக் கமக்காரன், விற்றல், ஆடு, மழை ஆகிய எல்லாச் சொல்லும் தெரியும். ஆனாலும் “கமக்காரன் ஆட்டை விற்கவில்லை, மழை வந்தது” என்று சொல்லிவிடும். உண்மையில் மழை வந்தபின் அவன் விற்றுவிட்டான் என்பதுதான் கருத்து. தமிழில் “வரும்வரை” என்று வினையின் வாலில் ஒட்டிக்கொண்டு வருவது, ஆங்கிலத்தில் “அன்ரில்” என்று தனிச் சொல்லாக முன்னால் வந்து நிற்கிறது. பெரிய சொற்களைப் பிடித்துக்கொண்டு ஓடும் பிள்ளை இந்தச் சின்னச் சொல்லைத் தாண்டிப் போய்விடும். “பட்”, “அன்லெஸ்”, “பிகோஸ்”, “ஓல்தோ” போன்றவையும் இத்தகையனவே. “ஹீ”, “இட்”, “தே” என்று வரும் இடங்களில் யாரை, எதைச் சொல்கிறார்கள் என்பதும் இப்படித்தான் தவறிப்போகும். எனவே சொல் பட்டியலை மனனம் செய்வது மாத்திரம் இந்த நோய்க்கு மருந்து ஆகாது.

பெற்றோர் வரவேண்டிய இடம் இதுதான். வாசித்ததைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பிறகு கேளுங்கள்.

“அப்ப அந்த ஆட்டுக்குக் கடைசியிலை என்ன நடந்தது, தம்பி?”

“விக்கேல்லை, அம்மா.”

“அப்ப மழையைப் பற்றி ஏன் எழுதியிருக்கு? எந்த வரியிலை இருக்கெண்டு காட்டு, பாப்பம்.”

இந்தக் கேள்வியைக் கேட்க ஆங்கிலம் தேவையில்லை. ஆடு, மழை, விற்பனை எல்லாம் அந்தத் தாய்க்குப் பிள்ளையை விட நன்றாகத் தெரியும். கமக்காரன் எப்போது ஆட்டை விற்பான், எப்போது வைத்திருப்பான் என்பது அவர் வாழ்ந்து அறிந்தது. கதை பொருந்தவில்லை என்றால் அவருக்குத்தான் முதலில் தெரியும். பிள்ளை திரும்பப் போய் அந்த வரியை வாசிக்கும். “அன்ரில்” என்ற சொல் அப்போதுதான் கண்ணில் படும். அப்படித் திரும்பிப் போய்ப் பார்க்கும் பழக்கமே விளங்கி வாசித்தலின் அடித்தளம்.

ஆங்கிலத்தை ஆங்கிலத்தில்தான் படிப்பிக்கவேண்டும், தமிழில் சொல்லவைத்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்று சிலர் வாதிடுவர். பேசப் பழக்கும்போது அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் வாசித்தது விளங்கியதா என்று சோதிக்கும்போது, பிள்ளைக்கு நன்கு தெரிந்த மொழியில் சொல்லவிடுவதே நேர்மையான அளவுகோல். ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் புத்தக வரியையே ஒப்புவிக்கும். தமிழில் சொல்லச் சொன்னால் ஒளிக்க இடம் இல்லை.

விளக்கக் குறைவு ஆங்கிலத்தைப் புதிதாகக் கற்பவருக்கு மட்டும் வருவதல்ல. அமெரிக்காவில் பாலின்சார், பிரவுன் என்ற இரு ஆய்வாளர்கள், சொற்களைச் சரியாக வாசித்தும் பொருள் பிடிபடாத ஏழாம் வகுப்பு மாணவரோடு வேலை செய்து, 1984 இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களின் முறை மிக எளியது. சிறு குழுவாக இருந்து ஒரு பந்தியை வாசிக்கவேண்டும். பிறகு ஒருவர் ஆசிரியராகி நான்கு வேலை செய்யவேண்டும். பந்தியைச் சுருக்கிச் சொல்வது, அதிலிருந்து ஒரு கேள்வி கேட்பது, விளங்காத இடத்தைத் தெளிவாக்குவது, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது என்பனவே அந்த நான்கும். அடுத்த பந்திக்கு அடுத்தவர் ஆசிரியர். இப்படிப் பழகிய மாணவரின் விளக்கம் தெளிவாக முன்னேறியது. இதற்குக் கட்டடம் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். நாலு பிள்ளைகளும் ஒரு பாயும் போதும். அயல் வீடுகளில் ஒரே வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் பின்னேரத்தில் கூடி இதைச் செய்யலாம்.

அடுத்தது புத்தகம். இதில் எமது அபிப்பிராயம் உறுதியானது. பிள்ளைக்கு விளங்கக்கூடிய ஆங்கிலப் புத்தகங்கள் நிறைய வேண்டும். ஒருவர் துணையின்றித் தானே வாசித்து விளங்குவதற்கு, நூறு சொற்களில் ஏறக்குறைய 98 சொல் தெரிந்திருக்கவேண்டும் என்று ஹு, நேஷன் ஆகியோர் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு சொல்கின்றது. நூறில் இருபது சொல் தெரியாத பந்தியைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, “வாசி, வாசி” என்று அதட்டுவதில் பயன் இல்லை. நாற்று மேடையில் வளராத மிளகாய்க் கன்றை நேரே தோட்டத்தில் நட்டுவிட்டு, காய்க்கவில்லையே என்று கோபிப்பவர் யார்? பிள்ளைக்கும் ஒரு நாற்று மேடை வேண்டும். இலகுவான கதைப் புத்தகங்களே அந்த மேடை.

பிஜித் தீவில் இதைச் செய்து பார்த்தார்கள். எல்லி, மங்குபாய் என்ற ஆய்வாளர்கள், புத்தகம் மிகக் குறைந்த பன்னிரண்டு கிராமப் பாடசாலைகளைத் தெரிந்தெடுத்தனர். அவற்றில் எட்டுக்கு 250 ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் வழங்கப்பட்டன. எட்டு மாதங்களின் பின், அந்தப் பாடசாலைகளின் பிள்ளைகள் வாசித்து விளங்குவதிலும் கேட்டு விளங்குவதிலும் வழமையைப் போல இரு மடங்கு வேகத்தில் முன்னேறியிருந்தனர். இருபது மாதங்களின் பின் அந்த முன்னேற்றம் மற்ற மொழித் திறன்களுக்கும் பரவியிருந்தது. முடிவுகள் 1983 இல் வெளியாகின. அவர்கள் எமது பிள்ளைகளை விட வயதில் இளையவர்கள்தான். ஆயினும் ஆங்கிலம் வீட்டு மொழி அல்லாத, கிராமத்து ஏழைப் பிள்ளைகள் என்பதில் இரு பகுதியினரும் ஒன்றே.

பதினைந்து வயதுப் பிள்ளை சின்னப் பிள்ளைகளின் கதையை வாசிக்க வெட்கப்படும் என்பது உண்மை. அதற்கும் வழி உண்டு. தம்பி தங்கையை இருத்தி வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அப்போது அது படிப்பு அல்ல, உதவி. பிள்ளையின் மானமும் காக்கப்படும், வாசிப்பும் நடக்கும். விளையாட்டு, விலங்குகள், இயந்திரங்கள் பற்றிய எளிய நூல்களும் இவ்வயதுக்குப் பொருந்தும். விதைப் பைக்கற்றின் பின்புறமும், தண்ணீர் இறைக்கும் மெசினோடு வரும் கையேடும்கூட நல்ல வாசிப்புப் பாடமே. அதில் எழுதியிருப்பதைத் தகப்பனுக்குத் தமிழில் சொல்லட்டும். சரியோ பிழையோ என்று தோட்டத்தில் தெரிந்துவிடும்.

“சோதினை நெருங்குகிறது, கதை வாசிக்க எங்கே நேரம்?” என்று கேட்பீர்கள். க.பொ.த. சாதாரண தர ஆங்கில வினாத்தாளிலும் பந்தி வாசித்து விடை எழுதத்தான் வேண்டும். வாசித்து விளங்கப் பழகிய பிள்ளைக்கு எந்தப் பந்தி வந்தாலும் பயமில்லை. மாதிரி விடையைப் பாடமாக்கிய பிள்ளைக்கு, அந்தப் பந்தி வந்தால் மட்டுமே பிழைப்பு.

ஆகவே பெற்றோரிடம் நாம் கேட்பது இவ்வளவே. நாளுக்கு இருபது நிமிடம் பிள்ளைக்கு ஒதுக்குங்கள். தலைப்பையும் படத்தையும் பார்த்து, என்ன வரப்போகிறது என்று முதலில் சொல்லச் சொல்லுங்கள். பின் சத்தமில்லாமல் வாசிக்க விடுங்கள். வாசித்ததைத் தமிழில் கேளுங்கள். யார், எது, ஏன், எந்த வரியில் என்று கேளுங்கள். தெரியாத சொல் எல்லாவற்றுக்கும் அகராதியைப் புரட்ட வேண்டாம். முன்பின் பார்த்து ஊகித்தபின், நாளுக்கு ஐந்து சொல்லை மட்டும், அவை வந்த வசனத்தோடு கொப்பியில் எழுதட்டும்.

உதவி செய்ய வரும் நிறுவனங்களிடமும் ஒரு வேண்டுகோள். பெயர்ப்பலகையோடு திறக்கப்பட்டு மூன்று மாதத்தில் மூடப்படும் வகுப்புகளை விட, ஒரு பெட்டி நிறைய எளிய புத்தகங்கள் எமது பிள்ளைகளுக்கு அதிக பயன் தரும். அந்தப் பெட்டி வீடு வீடாகப் போகலாம். நாளை குடும்பங்கள் ஊர் திரும்பும்போது அதையும் தூக்கிக்கொண்டு போகலாம்.

காணி எப்போது கிடைக்கும் என்று முடிவு செய்யும் அதிகாரம் எமது கையில் இல்லை. பிள்ளை இன்று வாசித்தது விளங்கியதா என்று கேட்பது எமது கையில்தான் இருக்கின்றது. அதை இன்று இரவே கேட்கலாம்.