அறுவைக்கு நாள் குறிக்கும் முன்

முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்காக நிரந்தர வைப்பை முதிர்வுக்கு முன்பே முடிக்க வரும் வாடிக்கையாளர்களை எங்கள் கிளைகளில் அடிக்கடி காண்கிறோம். அவர்களுள் சிலருக்கு மூட்டுத் தேய்வோடு நெடுநாள் கால் வீக்கமும் இருக்கிறது. யானைக்கால் நோய் மிகுந்துள்ள பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா ஆகிய மாநிலங்களில் பணியாற்றிய ஊழியர்களுக்கு இது பழகிய காட்சி. புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் நிணநீர் தேங்குவதாலும், காலின் இரத்த நாளங்கள் பழுதடைவதாலும்கூட இத்தகைய வீக்கம் நேர்வதுண்டு. வைப்பைத் திரும்பப் பெறுவது அவரவர் உரிமை. ஆயினும் வீக்கத்தைக் கவனியாமல் அறுவைக்கு விரைதல் வேண்டா என்பதே எங்கள் கருத்து.

செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு 2017 ஆகஸ்டில் மைய அரசு விலை உச்சவரம்பு விதித்த பின், மூட்டின் விலையை முன்கூட்டியே அறிவது எளிதாயிற்று. வீக்கத்தால் நேரக்கூடிய செலவையோ எவரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நிணநீர் ஓட்டம் தடைப்பட்ட காலில் கிருமியை எதிர்க்கும் ஆற்றல் குறைவு. காயம் ஆறவும் நாளாகும். விரலிடுக்கின் சிறு வெடிப்பே கிருமி நுழையும் வாயிலாகிவிடும். செயற்கை மூட்டில் கிருமி குடியேறினால் மருந்தால் மட்டும் அதனை அகற்றுவது அரிது. மூட்டைக் கழற்றிப் புதியது பொருத்த நேரலாம். அந்த இரண்டாம் அறுவை முதலாவதைவிடக் கடினமானது, செலவும் மிகுந்தது.

அறுவையே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. வீக்கத்தின் காரணம் இதயமா, சிறுநீரகமா, கால் நாளமா, நிணநீரா என்று முதலில் மருத்துவர் கண்டறியட்டும். திடீரென ஒரு கால் மட்டும் கூடுதலாக வீங்கினால் இரத்தக்கட்டியாகவும் இருக்கலாம்; அதற்கு ஒரு நாள்கூடக் காத்திருத்தலாகாது. நிணநீர் வீக்கமெனில் நாள்தோறும் காலைக் கழுவி ஈரமின்றித் துடைத்தல், விரலிடுக்குப் புண்ணை ஆற்றுதல், மருத்துவர் மேற்பார்வையில் அழுத்தக் கட்டு ஆகியவற்றுக்குச் சில மாதங்கள் ஒதுக்க வேண்டும். யானைக்கால் நோயாளிகளுக்குத் தொட்டி, குவளை, சோப்பு, துண்டு, களிம்பு அடங்கிய பராமரிப்புப் பையை அரசே இலவசமாக வழங்குகிறது.

எங்களுக்கு ஒரு மனக்குறை உண்டு. அறுவைக்கு இலட்சக்கணக்கில் தரும் மருத்துவக் காப்பீடுகளுள் பெரும்பாலானவை, புறநோயாளியாகப் பெறும் அழுத்தக் கட்டுக்கும் காலுறைக்கும் பணம் தருவதில்லை. வரவு செலவு பார்த்தே பழகிய எங்களுக்கு இது முறையாகப் படவில்லை. கிருமித்தொற்றுக்குப் பின்னால் தர நேரும் பெருந்தொகையைவிட இது சிறிதன்றோ? காப்பீட்டு நிறுவனங்கள் இச்செலவை அறுவையின் ஒரு பகுதியாகவே ஏற்க வேண்டும்.

அதுவரை, காலுறைக்கும் கட்டுக்குமாக முழு வைப்பையும் முடிக்க வேண்டியதில்லை. வைப்பின் பேரில் தேவையான அளவு கடன் பெறலாம். அறுவை மருத்துவரிடம் நாள் கேட்கும்போதே, அறுவைக்குப் பின் வீக்கத்தைக் கவனிக்கப் போவது யார் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.