சங்கு ஊதினால் எந்தப் பக்கம் ஓடுவது?

மாணவர்களே, சென்ற மாதம் எங்கள் பள்ளியில் தீப் பயிற்சி நடந்தது. மணி விட்டுவிட்டு அடித்தது. என் இரண்டாம் படிவ வகுப்பில் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. "டீச்சர், இது உண்மையா, சும்மாவா?" என்று பின்வரிசையில் ஒருவன் கேட்டான். "ஓய்வு நேர மணி கெட்டுப்போச்சு போல" என்றாள் இன்னொருத்தி. இந்தப் பேச்சிலேயே இரண்டு நிமிடம் போய்விட்டது. உண்மையான தீயாக இருந்திருந்தால், அந்த இரண்டு நிமிடத்தில் படிக்கட்டு முழுக்கப் புகை சூழ்ந்திருக்கும்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். "எங்க காலத்துல சங்கு நேரந்தப்பி ஊதினா செருப்புகூடத் தேட மாட்டோம்" என்றார். நான் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அங்கே ஆலைக் கூரைமேல் ஒரு சைரன் இருந்தது. அதை யாரும் சைரன் என்று சொல்லமாட்டார்கள், சங்குதான். விடியற்காலைப் பெரட்டுக்கு ஊதும். வேலை முடியும்போது ஊதும். ஒருநாள் காலை ஒன்பது மணிவாக்கில் ஊதியது. அம்மா நிரையில் பால் மரம் சீவிக்கொண்டிருந்தார். அது ஊதும் நேரமில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ஆண்கள் வாளியோடு ஆலைப் பக்கம் ஓடினார்கள், பெண்கள் பிள்ளைகளைத் தூக்க ஆயாக் கொட்டகைக்கு ஓடினார்கள். ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போடும் கொட்டகையில் தீ. அதில் பாதி எரிந்துபோனது, ஆனால் ஒருவருக்கும் காயமில்லை. அன்று ஆயாக் கொட்டகையிலிருந்து தூக்கி வரப்பட்ட பிள்ளைகளில் நானும் ஒருத்தி.

அந்தச் சங்குக்குள் என்ன இருந்தது? சைரன் முதலில் எச்சரிக்கைக் கருவியாகப் பிறக்கவில்லை, அது ஓர் ஆய்வுக்கூடக் கருவி. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்து அறிஞர் ஜான் ராபிசன், காற்றுக் குழாயை வேகவேகமாகத் திறந்து மூடினால் இசை போன்ற ஒலி எழும் என்று காட்டினார். 1819-இல் பிரான்சின் காக்னியார் தெ லா தூர் துளைகள் கொண்ட சுழலும் தட்டை வைத்து அதை மேம்படுத்தினார். அவருடைய கருவி தண்ணீருக்கு அடியிலும் ஒலித்தது. அதனால், பாடி மாலுமிகளை மயக்கும் கிரேக்கக் கதைப் பெண்களான சைரன்களின் பெயரை அதற்கு வைத்தார். ஒரு சுருதியில் ஒரு வினாடிக்கு எத்தனை அதிர்வுகள் என்று எண்ணுவதற்கு அது உதவியது.

கணக்கு மிக எளிது. ஒரு வினாடியில் எத்தனை சுற்று, தட்டில் எத்தனை துளை, இரண்டையும் பெருக்குங்கள். 10 துளை, வினாடிக்கு 45 சுற்று என்றால் 450 ஹெர்ட்ஸ். தீச் சைரனில் சுழலும் பகுதி விசிறிபோலக் காற்றை உள்ளே இழுத்து, பக்கத்துளைகள் வழியாகத் தள்ளும். வெளிக்கூட்டிலும் துளைகள் உண்டு. இரண்டும் நேருக்கு நேர் வந்தால் காற்று பாயும், விலகினால் அடைபடும். மோட்டார் மெல்ல மெல்ல வேகம் பிடிப்பதால்தான் ஒலி கீழிருந்து ஏறி வருகிறது. அந்த ஊளைச் சத்தத்துக்குக் காரணம் இவ்வளவுதான், மாயம் ஒன்றுமில்லை. பல சைரன்களில் ஒரு பக்கம் 10 துளை, மறுபக்கம் 12 துளை இருக்கும். இரண்டு சுருதிகள் 5க்கு 6 என்ற விகிதத்தில் சேர்ந்து ஒலிக்கும். சங்கீத வகுப்புக்குப் போகிறவர்கள் ஸட்ஜமும் சாதாரண காந்தாரமும் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். (என் வகுப்பில் ஒரு மாணவி கண்டுபிடித்தாள். எனக்கு அதுவரை தெரியாது.)

ஆய்வுக்கூடத்தில் இருந்ததை ஊர்க் கூரைமேல் ஏற்றியவர்கள் வியாபாரிகள். அமெரிக்காவின் சிகாகோவில் 1901-இல் பெடரல் எலக்ட்ரிக் என்ற நிறுவனம் தொடங்கியது. கில்கிறிஸ்ட் சகோதரர்கள் இருவரும் ஒரு கூட்டாளியும் சேர்ந்து நடத்தியது. முதலில் அவர்கள் செய்தது கடைகளுக்கு மின்விளக்குப் பெயர்ப்பலகை. 1915 வாக்கில் மின்சார சைரன்களையும் செய்து விற்கத் தொடங்கினார்கள். பெயர்ப்பலகைக் கடைக்காரருக்குச் சைரன் எதற்கு என்று தோன்றலாம். எனக்கு இரண்டும் ஒரே தொழிலாகத்தான் தெரிகிறது. ஒன்று கண்ணைத் திருப்புகிறது, இன்னொன்று காதைத் திருப்புகிறது. அங்கே சிற்றூர்களில் தீயணைப்பவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். தச்சர், கடைக்காரர், விவசாயி என்று ஆளுக்கொரு திசையில் வேலையில் இருப்பார்கள். அவர்களை ஒரே நொடியில் கூப்பிடப் பெரிய ஒலி வேண்டியிருந்தது. அந்த நிறுவனம் பிற்காலத்தில் பெடரல் சிக்னல் என்று பெயர் மாறி இன்றும் சைரன் செய்கிறது. அதன் 'க்யூ' வகைச் சைரனின் வழிவந்தவை அமெரிக்கத் தீயணைப்பு வண்டிகளில் இன்றும் ஒலிக்கின்றன.

நம் நாட்டுக் கதையும் தன்னார்வலர்களில்தான் தொடங்குகிறது. 1883-இல் சிலாங்கூரில் அமைந்த தீயணைப்புப் படை அப்படிப்பட்டது. நம் ஈப்போவோ 1892-இல் தீயில் பாதிக்கு மேல் அழிந்தது. பழைய நகரத்தில் தெருக்கள் கட்டம் போட்டதுபோல் நேர்நேராக இருக்கின்றனவே, அவை அந்தத் தீக்குப் பிறகு திட்டமிட்டுப் போடப்பட்டவை. மின்சார சைரன் பரவ அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

ஆனால் சைரன் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். 1960 மே மாதம் சிலி நாட்டில் பெரும் நிலநடுக்கம். ஹவாயின் ஹீலோ நகரில், சுனாமி வருவதற்குச் சில மணி நேரம் முன்பே சைரன்கள் ஒலித்தன. நிறைய பேர் கேட்டார்கள். ஆனால் சைரன் முறையை அண்மையில்தான் மாற்றியிருந்தார்கள். இது ஆயத்தமாகச் சொல்கிறதா, உடனே ஓடச் சொல்கிறதா என்று பலருக்குத் தெரியவில்லை. இன்னொரு சைரன் வரும் என்று காத்திருந்தவர்களும் உண்டு. நள்ளிரவுக்குப் பின் அலை வந்தது. 61 பேர் இறந்தார்கள்.

அதே ஹவாயில் 2023 ஆகஸ்டு 8-ஆம் நாள் லஹாய்னா ஊரில் காட்டுத்தீ புகுந்தது. இந்த முறை சைரனை ஒலிக்கவே இல்லை. அங்கே சைரன் என்றால் சுனாமி என்றுதான் மக்கள் நினைப்பார்கள், மேட்டுப் பக்கம் ஓடினால் தீக்குள்ளேயே போய்விடுவார்கள் என்று பயந்ததாகப் பொறுப்பதிகாரி பிறகு விளக்கம் சொன்னார். நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த முடிவு சரியா தவறா என்று அங்கே பெரிய வாதம் நடந்தது. ஒலித்திருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். உறங்கியவர்களும் வீட்டுக்குள் இருந்தவர்களும் வெளியே எட்டியாவது பார்த்திருப்பார்கள். ஆனாலும் அவருடைய பயம் பொய்யில்லை. 'இந்த ஒலிக்கு இந்தப் பக்கம் ஓடு' என்பது மக்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதைச் சிகாகோவிலிருந்து பெட்டியில் வரவழைக்க முடியாது. எங்கள் தோட்டத்தில் அது இருந்தது. தாமான்களில் இப்போது இல்லை. கார் அலாரம் கத்தினால் எத்தனை பேர் ஜன்னலைத் திறந்து பார்க்கிறோம்?

கைப்பேசியில் எச்சரிக்கை வருமே, சங்கு எதற்கு என்று கேட்பீர்கள். கைப்பேசிக்கு மின்சாரமும் கோபுரமும் வேண்டும். லஹாய்னாவில் அன்று இரண்டும் பழுதாகியிருந்தன. கையால் சுற்றும் சைரனுக்கு ஒரு கை போதும்.

பள்ளிகளிடம் நான் கேட்பது பெரிதல்ல. தீக்கான ஒலியை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. ஓய்வு நேர மணியையே விட்டுவிட்டு அடித்து, அதைத் தீ மணி என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. பயிற்சியை முதல் நாளே அறிவித்து, புத்தகப்பையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வைப்பதும் வேண்டாம். உங்களிடம் கேட்பதும் ஒன்று உண்டு. சுவரில் இருக்கும் சிவப்புப் பெட்டியை விளையாட்டுக்கு உடைக்கிறவன் அன்று ஒருநாள் மட்டும் ஏமாற்றவில்லை. அடுத்த முறை உண்மையாக அடிக்கும்போது வகுப்பே உட்கார்ந்திருக்க அவன் காரணமாகிறான்.

நாளைக்குப் பள்ளியில் கட்டொழுங்கு ஆசிரியரைப் பார்த்தால் கேளுங்கள்: நம் பள்ளியில் தீக்கான ஒலி எது, எத்தனை முறை அடிக்கும், அடித்தால் எங்கள் வகுப்பு எந்தப் படிக்கட்டு வழியாக இறங்க வேண்டும்? நானும் எங்கள் பள்ளியில் கேட்டேன். மூன்று ஆசிரியர்கள் மூன்று பதில் சொன்னார்கள்.