பார்வை தரும் மருந்தே பார்வையைப் பறிப்பதா?

முதுமையில் மங்கும் பார்வையை மீட்டுத்தரும் சிகிச்சைகளுள் கண்புரைச் சத்திரசிகிச்சை மிகவும் பாதுகாப்பானது. அரசாங்க வைத்தியசாலைகளை நாடும் வறிய முதியோர் அதனைப் பெரிதும் நம்பியிருக்கின்றனர். அந்நம்பிக்கையை 2023 ஏப்ரலில் நுவரெலியா வைத்தியசாலையில் நிகழ்ந்த அனர்த்தம் உலுக்கியது.

சத்திரசிகிச்சையின் பின்னர் வழங்கப்பட்ட, இந்தியாவில் தயாரான பிரெட்னிசொலோன் எனும் ஸ்டீரொய்ட் கண்சொட்டு மருந்தைப் பாவித்தோர் கடும் கண் பாதிப்புக்கு உள்ளாயினர். வேறு வைத்தியசாலைகளிலும் முறைப்பாடுகள் எழுந்தன. பாதிக்கப்பட்டோர் தொகை 30ஐத் தாண்டியது. அம்மருந்து பாவனையிலிருந்து விலக்கப்பட்டது.

ஸ்டீரொய்டைக் குறைகூறுவது இங்கு பொருந்தாது. சத்திரசிகிச்சையால் ஏற்படும் அழற்சியைத் தணிக்க அது இன்றியமையாதது. ஆனால் உடலின் எதிர்ப்பாற்றலையும் அது தளர்த்துகின்றது. ஆகவே அதில் கிருமி கலந்திருப்பின், காவலற்ற கண்ணில் தொற்று வேகமாகப் பரவும். ஏனைய மருந்துகளிலும் பார்க்க இதில் தூய்மை கண்டிப்பாகப் பேணப்பட வேண்டியது இதனாலேயே.

செல்வந்த நாடுகளும் இதற்கு விதிவிலக்கல்ல. கண்புரைச் சத்திரசிகிச்சையின்போது ஸ்டீரொய்டும் நுண்ணுயிர்க்கொல்லியும் கலந்த ஊசிமருந்து கண்ணுள் செலுத்தப்பட்ட 43 பேரேனும் பாதிக்கப்பட்டதாக 2017இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. டலஸ் நகர மருந்தகமொன்றில் கலந்து தயாரிக்கப்பட்ட அம்மருந்து, வழமையான அங்கீகார நடைமுறைக்கு உட்பட்டதன்று.

இவ்விரு நிகழ்வுகளும் உணர்த்தும் உண்மை ஒன்றே. "அரிதான சிக்கல்" என்ற சொல் கண்காணிப்பின் குறைபாட்டை மறைக்கும் திரையாகிவிடலாகாது.

2022இன் பொருளாதார நெருக்கடியால் மருந்துத் தட்டுப்பாடு நிலவிய வேளையில், பதிவு நடைமுறையிலிருந்து விலக்களித்து மருந்துகள் கொள்வனவு செய்யப்பட்டன. அவசரம் உண்மையே. எனினும் அவசரம் பரிசோதனையைத் தவிர்ப்பதற்கான அனுமதிப்பத்திரமன்று. 2023இல் வெளிவந்த தரக்குறைவான இம்யூனோகுளோபுலின் மோசடி, இக்குறை ஒரு மருந்தோடு முடிந்துவிடவில்லை என்பதைக் காட்டியது.

2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபைக்கு, போதிய ஆய்வுகூட வசதியும் அரசியல் தலையீடற்ற சுதந்திரமும் வேண்டும். கண்ணுக்குரிய மருந்துகள் தொகுதி தொகுதியாகப் பரிசோதிக்கப்பட வேண்டும். முதல் நோயாளியின் கண் சிவந்ததுமே மற்ற வைத்தியசாலைகளுக்கு எச்சரிக்கை செல்ல வேண்டும். வீடு திரும்பும் முதியவருக்கு, வலியோ பார்வை மங்கலோ ஏற்பட்டால் உடனே திரும்பி வருமாறு அவரது மொழியிலேயே சொல்லப்பட வேண்டும். நட்டஈடும் காலந்தாழ்த்தாது கிடைத்தல் அவசியம்.

இழந்த பார்வையை எந்தத் தொகையும் மீட்டுத்தராது. இனியொருவர் அதனை இழக்காதிருக்க வழி செய்வதே அரசின் கடமையாகும்.