அடி தாங்கும் கணக்கு
மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேச, நினைத்தது நடந்ததா என்பதைப் பகடை சொல்லும் ஆட்டம்தான் ரோல்பிளேயிங் கேம். ஸ்டார் வார்ஸ் படங்களின் உலகத்தை இப்படி ஆடக் கொடுக்கும் உரிமம் 1987-இல் வெஸ்ட் எண்ட் கேம்ஸ் நிறுவனத்திடம் இருந்தது. பிறகு விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட், அதன்பின் ஃபேன்டசி ஃப்ளைட் என்று கைமாறியது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் விதிகள் அடியோடு மாறின. மாற்றுகிறவர்கள் விண்கலங்களுக்கும் துப்பாக்கிகளுக்கும் புது எண்கள் போடுவதில் ஏகப்பட்ட உழைப்பைக் கொட்டுகிறார்கள். நான் முதலில் புரட்டிப் பார்ப்பது வேறு பக்கம்: சுடப்பட்டவனுக்கு என்ன ஆகிறது?

படத்தில் பெரும்பாலும் ஒரே சூட்டில் ஆள் விழுந்துவிடுகிறான். நாயகர்கள் பிழைப்பது சூடு அவர்கள்மேல் படாததால்தான். வெஸ்ட் எண்ட் விதிகளுக்கு இது தெரிந்திருந்தது. ஆயுதத்துக்குச் சில பகடைகள், அடிபட்டவரின் உடல்வலுவுக்குச் சில. இரண்டையும் உருட்டி ஒப்பிட்டால் மயக்கம், காயம், மரணம் என்று நேரடியாக விடை வரும். எவ்வளவு தேர்ந்த வீரனாக இருந்தாலும் அந்த உருட்டல் வயிற்றைக் கலக்கும். 2000-இல் விசார்ட்ஸ் தன் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் டி20 (இருபது முகப் பகடை) விதிகளுக்குள் இந்த உலகத்தைக் கொண்டுவந்தபோது சிக்கல் தொடங்கியது. அங்கே பாத்திரத்தின் நிலை உயர உயர, எவ்வளவு அடி தாங்கும் என்பதைச் சொல்லும் உயிர்ப்புள்ளி கூடும். வெட்டுகளை வாங்கிக்கொண்டு நிற்பவனே வீரன். மாற்றியவர்கள் கெட்டிக்காரர்கள், கணக்கை இரண்டாகப் பிரித்தார்கள். தப்பிக்கும் சாமர்த்தியத்துக்கு ஒரு புள்ளி, அது நிலையோடு வளரும். உண்மையான காயத்துக்கு இன்னொன்று, அது உடல்கட்டின் அளவே. அபாயகரமான அடி என்றால் நேராக இரண்டாவதில் இறங்கும். ஆனால் 2007-இன் சாகா பதிப்பு அந்தப் பிரிவினையைக் கைவிட்டு ஒற்றை உயிர்ப்புள்ளிக்கே திரும்பியது. முதல் நிலை நாயகனுக்கே அதைத் தாராளமாகக் கொடுத்தது. பலத்த அடி ஆளைப் படிப்படியாகத் தளர்த்தும் என்று ஓர் ஏற்பாட்டையும் சேர்த்தார்கள், உண்மைதான். ஆட்டம் எளிதானது, பலர் அதையே கொண்டாடுகிறார்கள். எனக்கு அது பின்வாங்கலாகவே படுகிறது.

டி20 போல ஏற்கெனவே தெரிந்த விதி என்றால் ஆட வருவோர் தயங்க மாட்டார்கள் என்பது வலுவான வாதம்; உரிமத்துக்குப் பணம் கட்டியவருக்கு அது பிழைப்பும்கூட. விதி எதுவானாலும் நடத்துபவர் சரிக்கட்டிக்கொள்வார் என்பதில் அந்த வலு இல்லை. அந்த வேலையை வேறொருவர் செய்துவைத்திருப்பார் என்று நம்பித்தானே காசு கொடுக்கிறோம்! விதி எப்படியிருந்தாலும் அந்த உலகத்தின் விவரங்கள் போதாதா என்று கேட்போரும் உண்டு. அவற்றுக்கு மதிப்பு இருக்கிறது: டிமோதி ஜான் 1991-இல் வெளிவந்த தன் ஸ்டார் வார்ஸ் நாவலை எழுதியபோது வெஸ்ட் எண்ட் புத்தகங்கள்தாம் அவருக்குத் துணைக்குத் தரப்பட்டன. பகடையே தேவைப்படாத நாவலுக்கு உதவிய விவரங்களை வைத்து, விதிமாற்றம் தேறியதா என்று எப்படி அளப்பது?

தெரிந்த விதியையும் வளைக்கலாம். டாக்டர் ஹூ தொலைக்காட்சித் தொடரை டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பு விதிகளுக்கு மாற்றி 2022-இல் வந்த 'டாக்டர்ஸ் அண்ட் டாலெக்ஸ்' அதைச் செய்தது. அந்தத் தொடரின் நாயகர் பேச்சாலும் புத்தியாலும் ஜெயிப்பவர். அதனால் உயிர்ப்புள்ளியைத் தூக்கிவிட்டுக் கதைப்புள்ளி என்று ஒன்றை வைத்தார்கள்; வாய்ச்சாமர்த்தியத்தாலேயே எதிராளியின் புள்ளியைக் கரைக்கலாம். இருபது முகப் பகடையும் நிலைகளும் அப்படியே இருக்கின்றன. சாகா பதிப்புக்கு இந்தத் துணிச்சல் இருந்திருக்கலாம்.