உபாத்தியாயர் எப்போது படிப்பார்?

இலக்கியம் கற்பிக்கக்கூடிய விஷயமே அல்ல என்று ஒரு கட்சி உண்டு. நான் அந்தக் கட்சியைச் சேர்ந்தவன் அல்லன். ஆனால், நம் வகுப்பறைகளில் ஆங்கில இலக்கியம் படுகிற பாட்டைப் பார்க்கும்போது, அதில் சேர்ந்துவிட்டால் என்ன என்று அடிக்கடி தோன்றுகிறது. தாம் விரும்பிப் படித்திராத ஒரு கவிதையை, அதன் மொழியே பிடிபடாத நாற்பது பிள்ளைகளுக்கு ஒருவர் சொல்லிக்கொடுக்கிறார். இரு தரப்பாருக்கும் நடுவே தரகராக நிற்கிறது நோட்ஸ். நான் உபாத்தியாயரைக் குற்றம் சொல்லவில்லை. அவரைத் தயார் செய்து அனுப்புகிறவர்களைத்தான் சொல்கிறேன்.

வியாதி பழையது. மெக்காலே தம் குறிப்பை எழுதியது 1835-இல். ஆங்கிலம் படித்தவர்களுக்கே சர்க்கார் உத்தியோகத்தில் முன்னுரிமை என்று ஹார்டிஞ்சு அறிவித்தது 1844-இல். சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்பட்டது 1857-இல். ஆக்ஸ்போர்டிலோ, ஆங்கில இலக்கியத்துக்கென்று தனிப் பட்டப்படிப்பு 1890-களில்தான் வந்தது! தன் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடமாக வைக்கத் தயங்கிய ஒன்றை வெள்ளைக்காரன் நமக்கு முந்திக்கொண்டு வைத்துவிட்டான். ரசிப்பதற்காகவா வைத்தான்? ஆள் சலித்தெடுக்க ஒரு சல்லடை வேண்டியிருந்தது, வைத்தான். அவன் போய்விட்டான். சல்லடை மட்டும் நம் கையில் இருக்கிறது.

அதற்குப் பிறகு பயிற்சியே நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். 1950-களின் கடைசியில் சென்னை ராஜ்யத்தில், தொடக்க நிலையில் ஆங்கிலம் சொல்லித்தரும் 27,000 ஆசிரியர்களுக்குப் புதுமுறைப் பயிற்சி கொடுக்கப் புறப்பட்டார்கள். சிலருக்குச் சொல்லிக்கொடுத்து, அவர்கள் பலருக்குச் சொல்லி, அந்தப் பலர் இன்னும் பலருக்குச் சொல்வது என்பது ஏற்பாடு. அதற்கு ‘மெட்ராஸ் பனிப்பந்து’ என்று பெயர். நம் ஊர் வெயிலில் பனிப்பந்து உருட்ட நினைத்தவரின் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்! அந்தப் பயிற்சி வாக்கிய அமைப்புகளைப் பற்றியது. இலக்கியத்துக்கு அங்கே வேலை இல்லை. பிறகு என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் ஒரு பரிசோதனை செய்து பார்த்தார். மாணவனுடைய புத்தி இலக்கணத்தில் அல்லாமல் ஒரு காரியத்தில் ஈடுபட்டிருக்கும்போதுதான் மொழி அவனுக்குள் இறங்குகிறது என்பது அவர் கொள்கை. ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்துக் கணக்குப் போடச் சொன்னார்.

கதைக்காரன் என்ற முறையில் நான் கேட்கிறேன்: ரயில் எத்தனை மணிக்குப் புறப்படும் என்பதிலேயே பிள்ளையின் மனம் ஈடுபடும் என்றால், கதையில் அடுத்து என்ன நடக்கும் என்பதில் எவ்வளவு ஈடுபடும்? மொழியைக் கற்பிக்க இதைவிடப் பெரிய காரியம் வேறு என்ன இருக்கிறது? ஆனால் பயிற்சிக் கல்லூரிகளில் மொழி ஓர் அலமாரி. இலக்கியம் வேறோர் அலமாரி. சாவிகூட வேறு வேறு.

ஒரு பயிற்சி மாணவர் பாடம் நடத்துவதைப் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நல்ல பையன். வேர்ட்ஸ்வொர்த்தின் ‘டாஃபடில்’ பூக்களைப் பற்றிய கவிதை. மஞ்சள் காகிதத்தில் பூ வெட்டி ஒட்டிய அட்டை ஒன்று கொண்டுவந்திருந்தார். அதற்குத் தனி மதிப்பெண்ணாம். அந்தப் பூவை அவரும் கண்டதில்லை, பிள்ளைகளும் கண்டதில்லை. அதனால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. குறிஞ்சிப் பூவைக் காணாமலே குறிஞ்சிப் பாட்டை நாம் அனுபவிக்கவில்லையா? அவர் செய்தது வேறு. கவிதையின் முதல் வரியை வாசிப்பதற்கு முன்பே அதன் சாரத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டார். “ஏன் தம்பி இப்படி?” என்று பிறகு கேட்டேன். “பாடத்திட்டத்துல அப்படித்தான் சார் எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கேன்” என்றார். முடிவை முதலிலேயே சொல்லிவிட்டுக் கதை சொல்லும் பாட்டியை எந்தப் பேரன் மதிப்பான்?

கிராமத்துப் பிள்ளைக்கு ஷேக்ஸ்பியர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. லியர் மன்னன் கதை என்ன? உயிரோடு இருக்கும்போதே சொத்தைப் பெண்களுக்குப் பிரித்து எழுதிவைத்துவிட்டு, வாசல் வாசலாக நின்ற கிழவனின் கதை. தஞ்சாவூர்ப் பக்கத்தில் எந்தத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னாலும், “எங்க தெருவிலேயே நடந்ததுங்க” என்று ஒருவர் சொல்வார். அந்தப் பேச்சை வகுப்பில் தமிழிலேயே தொடங்கிவிட்டு, பிறகு ஆங்கில வரிக்குப் போனால் என்ன பாவம்? தமிழ் பேசினால் அபராதம் என்பது பயிற்சி அல்ல, ஜம்பம். ஏ. கே. ராமானுஜன் நம் கல்லூரிகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர்தான். அவர்தான் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். இரண்டு மொழியும் ஒரே மனத்தில் குடியிருந்ததால் நடந்த காரியம் அது.

2015 முதல் பி.எட். படிப்பு இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது. இரண்டு வருஷம்! அதில் பத்தே பத்துப் புத்தகங்கள் போதும். ஆர். கே. நாராயணில் தொடங்கட்டும், பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்திலேயே தவறிய அந்த மனிதரைவிட நம் பிள்ளைகளுக்கு நெருங்கிய துணை யார்? பயிற்சி மாணவர்கள் முதலிலிருந்து கடைசிவரை படிக்கட்டும். பிடித்ததா, பிடிக்கவில்லையா என்று சண்டை போடட்டும். உரக்க வாசித்துப் பழகட்டும். “இந்த வரி எனக்கும் புரியவில்லை, சேர்ந்து பார்ப்போமா?” என்று பிள்ளைகள் முன் கூசாமல் சொல்லப் பழகட்டும். அட்டையும் பசையும் வாங்குகிற காசில் இந்தப் புத்தகங்களை வாங்கிவிடலாம்.

“எல்லாம் சரி, பரீட்சையில் சாரத்தைத்தானே கேட்கிறார்கள்?” என்பார்கள். கேள்வித்தாள் ஆகாயத்திலிருந்து விழுவதில்லை. இதே கல்லூரிகளில் பயிற்சி பெற்றவர்கள்தான் அதையும் எழுதுகிறார்கள்.