இருபத்தஞ்சாவது எபிசோடும் இயர் எண்ட் கணக்கும்

மார்ச் மாசம் வங்கிக்காரன் வீட்டில் மனுஷனே கிடையாது என்று தங்கமணி சொல்வது வழக்கம். இந்த மார்ச்சில் ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு ஆணி பிடுங்கி முடித்து வீட்டுக்கு வந்தால், பையன் டிவி முன்னாடி உட்கார்ந்திருக்கிறான். திரையில் ஒரு மடக்கு நாற்காலி, அதில் ஒரு பையன், மேலே ஒரு விளக்கு, சுற்றிலும் இருட்டு. "என்னடா, படம் நின்னு போச்சா?" என்று கேட்டேன். "இல்லப்பா, இதான் எபிசோட்" என்றான்.

'நியான் ஜெனிசிஸ் எவாஞ்சலியன்' என்ற ஜப்பானிய கார்ட்டூன் தொடர் அது (கார்ட்டூன்னு சொன்னால் பையன் அடிப்பான், அனிமேன்னு சொல்லணுமாம்). ஹிடேயாகி அன்னோ என்பவர் இயக்கியது. 1995 அக்டோபர் 4-ல் டிவி டோக்கியோவில் ஆரம்பித்து 26 வாரம் ஓடியது. உலகத்தைக் காப்பாற்ற ராட்சச எந்திரத்தில் ஏறிச் சண்டை போடும் 14 வயசுப் பையன் ஷின்ஜி. அவனோட அப்பாவுக்கு வேலை இருந்தால்தான் மகன் ஞாபகம் வரும். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அரைகுறையாகப் பார்த்ததில் எனக்கும் கதை பிடித்துப் போயிருந்தது.

24-ம் எபிசோடில் ஷின்ஜி தன்னிடம் அன்பாகப் பேசிய ஒரே நண்பனைத் தன் கையாலேயே கொல்ல வேண்டி வருகிறது. கிட்டத்தட்ட ஒரு நிமிஷம் படம் அசையாமல் நிற்கும், பின்னால் பீத்தோவன். சரி, அடுத்த வாரம் பெரிய சண்டை, அப்புறம் முடிவு என்றுதானே யாரும் நினைப்பார்கள்? 1996 மார்ச் 20, புதன்கிழமை சாயங்காலம் ஜப்பானில் டிவி முன்னால் உட்கார்ந்தவர்களுக்குக் கிடைத்தது இந்த நாற்காலிதான். ஏன் அவனைக் கொன்றாய், எதற்காக இதில் ஏறுகிறாய் என்று கேள்வி மேல் கேள்வி. சண்டையும் இல்லை, மர்மங்களுக்கு விடையும் இல்லை. 27-ந்தேதி வந்த கடைசி எபிசோடும் அதே ரகம்.

கொதித்துப் போனார்கள். அன்னோவுக்குக் கொலைமிரட்டல்கூட வந்தது. 1997 ஜூலை 19-ல் வந்த 'தி எண்ட் ஆஃப் எவாஞ்சலியன்' படத்தில், ரசிகர்கள் எழுதியதை, வசவுகள் உட்பட, அவர் திரையிலேயே ஓடவிட்டார். தியேட்டரில் உட்கார்ந்திருக்கும் ஜனங்களையும் காட்டினார். லேசான ஆள் இல்லை!

என் கட்சி முதலில் அந்தக் கோபக்காரர்கள் கட்சிதான். பி.காம். படித்த புத்தி அப்படி. 24 வாரம் சஸ்பென்ஸ் கணக்கில் என்ட்ரி மேல் என்ட்ரி போட்டுவிட்டு, வருஷக் கடைசியில் ஒன்றையும் நேர் செய்யாமல் புத்தகத்தை மூடினால் ஆடிட்டர் விடுவாரா? அந்த எபிசோடு புரியாதவன் முட்டாள் என்று இன்றைக்குச் சில ரசிகர்கள் பேசுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காத்திருந்தவனுக்குக் கோபப்பட உரிமை உண்டு. மிரட்டுவதற்குத்தான் கிடையாது. இன்னொன்று, அவர்கள் அந்தக் கேள்விகளைத் தலையில் வைத்துக்கொண்டு ஏழு நாள் நடமாட வேண்டியிருந்தது. நமக்கு நெட்ஃபிளிக்ஸ் சில நொடிகளில் அடுத்ததை ஓட்டிவிடுகிறது.

ஆனால் என் பையன் ஓட்டவில்லை. நிறுத்திவிட்டான்.

"நல்லாத்தான இல்ல? நட்டாத்துல விட்டுட்டான் பாரு" என்றேன்.

"நல்லாதான்ப்பா இருக்கு. அவன் ஏன் அதுல ஏறுறான்னு கேக்கறாங்கல்ல? எல்லாரும் ஏறச் சொல்றாங்க, அதான் ஏறுறேங்கறான். எனக்கு அது புரிஞ்சுது."

கும்பகோணம், போபால், புவனேஸ்வர், இப்போது நாக்பூர். நாலு ஊர், நாலு பள்ளிக்கூடம். ஒவ்வொரு தடவையும் ஆர்டர் வந்ததும், கிளம்புடா என்றுதான் சொல்லியிருக்கிறேன். இந்த வருஷம் பத்தாவது பரீட்சை எழுதியிருக்கிறான். ரிசல்ட் வருவதற்கு முன்பே பதினொன்றாம் வகுப்பில் காமர்ஸ் என்று சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போனில் சொல்லிவிட்டேன். அவனிடம் கேட்டேனா என்று யோசித்துப் பார்த்தேன். கேட்கவில்லை.

அதனால் கட்சி மாறிவிட்டேன், முக்கால்வாசி. ராட்சசர்களும் ரகசியக் கூட்டமும் சஸ்பென்ஸ் என்ட்ரிகள்தான். முதல் எபிசோடிலிருந்தே நிலுவையில் இருந்தது அந்தப் பையனிடம் யாரும் உட்கார வைத்துக் கேட்காத கேள்வி. 25-ல் அதைத்தான் எடுத்தார்கள். சண்டை கேட்டவர்களுக்கு 1997 படத்தில் சண்டை கிடைத்தது. அது இன்னும் கொடூரம், அதைப் பார்த்தும் நிம்மதியாக வெளியே வர முடியாது. கால்வாசி இன்னும் பாக்கி. இருட்டையும் நாற்காலியையும் பாதி நேரத்தில் முடித்துவிட்டு, வெளியே என்ன நடந்தது என்று கொஞ்சம் காட்டியிருக்கலாம்.

"அடுத்தது போடவாப்பா?" என்றான். மறுநாள் எட்டு மணிக்கு பிராஞ்சில் இருக்க வேண்டும். போடுடா என்றேன். முடிந்தபோது மணி பன்னிரண்டு.

சொந்தக்காரர்களுக்கு மறுபடி போன் பண்ணவில்லை இன்னும். அவனுக்கு ஓவியம் வரைகிற படிப்பு ஏதோ மனசில் இருக்கிறதாம். என்ன ஃபீஸ், எந்த ஊர் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். தங்கமணி இன்னும் காமர்ஸ் கட்சியில்தான் இருக்கிறாள்.